சிறுநீரை அளந்து எழுதச் சொல்லுங்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலர் அவர்களுக்கும், பொது சுகாதாரம், ஊரக நலப்பணிகள், மருத்துவக் கல்வி ஆகிய மூன்று இயக்ககங்களின் இயக்குநர்களுக்கும் வணக்கம்.

அரசு மருத்துவமனை வார்டில் கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் சார்ட்டில் ஒரு வரி கூடுதலாக வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல். உடல் வெப்பம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு, ஆக்ஸிஜன் அளவு ஆகியவற்றை நேரம் போட்டு எழுதுகிறோம். அவற்றோடு, நோயாளி கழித்த சிறுநீரின் அளவையும் மில்லிலிட்டரில் எழுத வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஏற்கெனவே எழுதுகிறார்கள். நான் கேட்பது பொது வார்டுக்கு. அங்கேதான் சிறுநீரகம் யார் கண்ணிலும் படாமல் நின்றுபோகிறது.

நான் அரசுப் பணியில் இருந்து ஓய்வுபெற்ற செவிலியர். தாலுகா மருத்துவமனையில் சேர்ந்து, மாவட்டத் தலைமை மருத்துவமனையில் ஓய்வு பெற்றேன். பிரசவ வார்டு, ஆண்கள் மருத்துவ வார்டு, டயாலிசிஸ் பிரிவு என்று மாறி மாறிப் பணி. சிறுநீரகத்துறை மருத்துவர்கள் எழுத வேண்டிய மடல் இது என்று நீங்கள் நினைக்கலாம். நோயாளி அவர்களிடம் போய்ச் சேரும்போது மூன்று நாள் கடந்திருக்கும். முதல் நாள் இரவில், சிறுநீர் சேரும் பையான யூரோபேக் காலியாகக் கிடப்பதைப் பார்க்கிறவர்கள் நாங்கள்.

மூன்று இயக்குநர்களையும் சேர்த்து விளித்ததற்குக் காரணம் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையம் ஓர் இயக்ககத்தின் கீழ் வருகிறது. தாலுகா, மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் இன்னோர் இயக்ககத்தின் கீழ். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மூன்றாவதன் கீழ். வாந்தி பேதியோடு வருகிற ஒரு கூலித் தொழிலாளி இரண்டே நாளில் மூன்றையும் கடந்துவிடுகிறார். அவருடைய சிறுநீர்க் கணக்கு மட்டும் எந்த எல்லையையும் தாண்டுவதில்லை.

காலை ரவுண்டில் நடப்பதைச் சொல்கிறேன். மருத்துவர் கட்டிலருகே நின்று, "யூரின் போகிறதா?" என்று கேட்பார். துணைக்கு இருக்கும் மனைவியோ மகனோ "போனார் சார்" என்பார்கள். கேஸ் ஷீட்டில் "யூரின் அவுட்புட் போதுமானது" என்று பதிவாகிவிடும். யாரும் பொய் சொல்லவில்லை. நள்ளிரவில் அவர் கழிவறைக்குப் போனது உண்மை. இரண்டு மடக்கு அளவுக்குக் கட்டங்காப்பி நிறத்தில் கழித்துவிட்டு வந்ததும் உண்மை. எவ்வளவு, எத்தனை மணிக்கு, என்ன நிறம் என்று கேட்டிருந்தால் அந்த மனைவியே சொல்லியிருப்பார். கேட்கும் பழக்கம் இல்லை. கேட்டாலும் எழுத இடம் இல்லை.

திடீர் சிறுநீரகப் பாதிப்பு, வார்டுப் பேச்சில் ஏ.கே.ஐ., எப்போது தொடங்கியதாகக் கொள்ள வேண்டும் என்பதற்கு உலகெங்கும் 2012 முதல் ஒரே வரையறை நடைமுறையில் இருக்கிறது. ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு 48 மணி நேரத்துக்குள் டெசிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் கூடினால் பாதிப்பு. ஏழு நாளுக்குள் பழைய அளவைப்போல் ஒன்றரை மடங்கு ஆனாலும் பாதிப்பு. இந்த இரண்டும் இல்லாமல், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மணிக்கு அரை மில்லிலிட்டருக்குக் குறைவாக ஆறு மணி நேரம் தொடர்ந்து சிறுநீர் போனாலும் பாதிப்புதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லி. ஆறு மணி நேரத்துக்கு 180 மில்லி. ஒரு சாதாரண சில்வர் டம்ளர் நிறையாத அளவு. பகல் ஷிப்டு ஒன்று முடிவதற்குள், ஊசி குத்தாமல், ஆய்வகத்துக்கு ஆள் அனுப்பாமல் கண்டுபிடித்துவிடக்கூடிய நோய் இது.

கிரியாட்டினின் பார்க்கிறோமே, போதாதா என்று கேட்பீர்கள். கிரியாட்டினின் தாமதமாகத்தான் ஏறும். சிறுநீரகம் இன்று காலை வடிகட்டுவதை நிறுத்திவிட்டாலும், அந்தக் கழிவு ரத்தத்தில் தேங்கி எண்ணாக வெளிப்பட ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். அனுமதிக்கும் நேரத்தில் எடுத்த ரத்தத்தில் 1.0 என்று வந்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. மறுபடி எடுக்கச் சொல்வது நாலாம் நாள், முகம் வீங்கிய பிறகு.

அந்த 1.0 என்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. நாற்பத்தைந்து கிலோ எடையுள்ள ஒரு மூதாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தசை வற்றிய உடம்பு. நல்ல நாளில் அவருடைய கிரியாட்டினின் 0.6. காய்ச்சலோடு வந்து சேர்ந்த மறுநாள் 1.2. ஆய்வக அச்சில் "இயல்பு அளவு 0.6 முதல் 1.2 வரை" என்று போட்டிருப்பதால் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறியும் வராது, தடித்த எழுத்தும் வராது. உண்மையில் அது இரு மடங்கு. சர்வதேச அளவுகோலின்படி அவர் இரண்டாம் நிலைப் பாதிப்பில் இருக்கிறார். சிறுநீரகத்தின் வேலைத் திறனில் சுமார் பாதி போய்விட்டது. நம் தாளோ "நார்மல்" என்று சொல்லி அவரைத் தூங்க வைக்கிறது.

பழைய அளவு தெரிந்தால்தான் இது பிடிபடும். பழைய அளவு எங்கே இருக்கிறது? 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்குகிற பாட்டிகளிடம் ஒரு சிறு அட்டை இருக்கிறது. அந்த அட்டையின் முன்பக்கத்திலேயே கடைசியாக எடுத்த கிரியாட்டினினையும் தேதியையும் பெரிதாக எழுதிவிட்டால், நள்ளிரவில் அவசரப் பிரிவில் இருக்கும் பயிற்சி மருத்துவருக்கு அது கிடைத்துவிடும். செலவு ஒரு பேனா மை.

சிறுநீர் அளவு மட்டுமே போதும் என்றும் நான் வாதிடவில்லை. எலிக்காய்ச்சலில் பலருக்குச் சிறுநீர் தாராளமாகப் போய்க்கொண்டே இருக்கும், கிரியாட்டினின் மட்டும் ஏறும். ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி ஊசிகளால் வருகிற பாதிப்பும் அப்படித்தான். ஆகவே இரண்டும் வேண்டும்: ஒவ்வொரு ஷிப்டிலும் சிறுநீர் அளவு, ஆபத்துள்ள ஒவ்வொருவருக்கும் 48 மணி நேரத்துக்குள் இரண்டாவது கிரியாட்டினின்.

யாருக்கு ஆபத்து என்பது நம் ஊரில் எந்தப் பழைய செவிலியரைக் கேட்டாலும் தெரியும். பேதி கண்டு நா வறண்டு வருகிறவர்கள். பிரசவத்தில் ரத்தம் கொட்டியவர்கள், வலிப்பு கண்டவர்கள். மழை முடிந்த பருவத்தில் எலிக்காய்ச்சலும் உண்ணிக்காய்ச்சலும். உண்ணிக்காய்ச்சலில் அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ ஒரு கருத்த பொருக்குப் புண் இருக்கும். சேலையை விலக்கிப் பார்க்கத் தயங்கினால் தவறிவிடும். கடுங்கோடையில் உப்பளத்திலும் செங்கல் சூளையிலும் வேலை பார்ப்பவர்கள். ஒதுங்க இடமில்லாததால் பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வேலை செய்கிறார்கள். மாலையில் உடம்பு வலி என்று மெடிக்கல் ஷாப்பில் ஒரு செட் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். அந்தக் காகிதப் பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்பது விற்றவருக்கு மட்டுமே தெரியும். வலி மாத்திரை அதில் நிச்சயமாக இருக்கும்.

வலி மருந்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டைக்ளோஃபெனாக் ஊசி நம் புறநோயாளிப் பிரிவுகளில் ஒரு மரியாதையாகவே ஆகிவிட்டது. போடாவிட்டால் "அந்த டாக்டர் ஒன்றுமே செய்யவில்லை" என்று போய்விடுவார்கள். உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் சிறுநீரகம் தன் ரத்த ஓட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ள வைத்திருக்கும் ஏற்பாட்டைத்தான் அந்த மருந்து தடுக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், நீர் பிரிய ஒரு மாத்திரை, மூட்டு வலிக்கு ஒரு மாத்திரை என்று மூன்றும் ஒருவருக்கே சேர்ந்துவிட்டால், ஒரு நாள் பேதி போதும் சிறுநீரகத்தைச் சாய்க்க. இதில் ரத்த அழுத்த மாத்திரையை அரசே வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. கொடுப்பது நல்ல காரியம், நிறுத்தச் சொல்லவில்லை. "வாந்தி, பேதி, கடும் காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டி, இந்த மாத்திரையைத் தொடரலாமா என்று கேளுங்கள், கடையில் வலி மாத்திரை வாங்காதீர்கள்" என்ற இரண்டு வாக்கியத்தை மாத்திரை உறையில் அச்சிடுங்கள். சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மினுக்கும் இது பொருந்தும்; சிறுநீரகம் நின்ற உடம்பில் அது தேங்கினால் வேறு ஆபத்து. வீடு வீடாகப் போகும் தன்னார்வலப் பெண்கள் படித்துக் காட்டுவார்கள். அவர்கள் சொன்னால் ஊர் கேட்கும்.

அடுத்து பாம்புக்கடி. 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அறிவித்தது, நல்ல முடிவு. நம் வயல்களில் சிறுநீரகத்தைக் கெடுப்பதில் முதலிடம் கண்ணாடி விரியனுக்கு. அதன் நஞ்சு ரத்தத்தை உறையவிடாமல் செய்வதோடு சிறுநீரகத்தையும் நேரடியாகத் தாக்கும். சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தத்தை எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைந்ததா என்று சாய்த்துப் பார்க்கும் சோதனை எல்லோருக்கும் தெரியும். சோப்புப் போட்டுக் கழுவிய குழாயோ பிளாஸ்டிக் குழாயோ இதற்கு உதவாது, முடிவு பொய்யாக வரும். ஆனாலும் எத்தனை இடத்தில் தனியாகப் புதுக் கண்ணாடிக் குழாய் எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று ஒரு முறை திடீர் ஆய்வு செய்து பாருங்கள். விஷமுறிவு மருந்து ஏற்றி, ரத்தம் உறையத் தொடங்கியதும் வார்டில் எல்லோரும் மூச்சு விடுகிறார்கள். அதன் பிறகு வரும் இரண்டு நாள்தான் சிறுநீரகத்துக்குக் கண்டம். கெட்டுவிட்ட சிறுநீரகத்தை விஷமுறிவு மருந்து மீட்டுத் தராது. கடிபட்ட காலின் வலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டு அனுப்பியிருந்தால், ரத்தக்கசிவுக்கும் சிறுநீரகத்துக்கும் சேர்த்தே கேடு. பாம்புக்கடியைத் தெரிவிக்கும்போதே, சேர்ந்ததிலிருந்து எத்தனை மில்லி சிறுநீர் போனது என்பதையும் தெரிவிக்கச் சொன்னால், அளக்காமல் யாரும் தெரிவிக்க முடியாது.

அளந்து, குறைகிறது என்று தெரிந்துவிட்டது. பிறகு? இங்கே இரண்டு கெட்ட பழக்கங்கள் வேரோடி இருக்கின்றன. ஒன்று, நீரைப் பிரித்து வெளியேற்றும் லாசிக்ஸ் ஊசி. சிறுநீர் வரவில்லையா, ஒரு லாசிக்ஸ் போடு. உடம்பில் நீர் கோத்து நுரையீரலில் ஏறியிருந்தால் அந்த ஊசிக்கு வேலை உண்டு. நீர் வற்றிக் கிடப்பவருக்குப் போட்டால் இருப்பதையும் பிழிந்து எடுத்துவிடும். சிறுநீரகப் பாதிப்பை அது குணமாக்குவதில்லை என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்டு வெகு காலம் ஆகிறது. இரண்டாவது, இதற்கு நேர் எதிரான பழக்கம்: ட்ரிப்ஸ். "நாலு பாட்டில் ஏற்றியாகிவிட்டது, இன்னும் யூரின் வரவில்லை" என்று ஐந்தாவது பாட்டிலை மாட்டுகிறார்கள். உள்ளே போனதற்குக் கணக்கு இருக்கிறது, பாட்டில் காலியாகிறதே; வெளியே வந்ததற்குக் கணக்கு இல்லை. விடியற்காலையில் நோயாளி படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குத் தவிக்கும்போதுதான் தெரிகிறது, ஏற்றிய தண்ணீர் முழுவதும் நெஞ்சில் நிற்கிறது என்று. வற்றியவருக்குத் தண்ணீர் உயிர். நின்றவருக்கு அதே தண்ணீர் எமன். இரண்டையும் பிரித்துக் காட்டுவது அந்த உள்ளே-வெளியே கணக்கும், தினமும் காலையில் எடுக்கும் எடையும், நெஞ்சில் வைக்கும் ஸ்டெதஸ்கோப்பும்தான்.

இதற்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டிய சின்ன விஷயங்களும் உண்டு. யூரோபேக் காலியாக இருந்தால் முதலில் குழாயைப் பாருங்கள் என்று புதிதாக வரும் பெண்களுக்குச் சொல்லிக் கொடுப்பேன். தொடைக்கு அடியில் மடிந்திருக்கும். ரத்தக் கட்டி அடைத்திருக்கும். குழாய் போடாத முதியவர் என்றால் அடிவயிற்றில் கை வைத்துப் பாருங்கள். "சொட்டுச் சொட்டாகப் போகிறது" என்று மகன் சொல்வார். சிறுநீர்ப்பை தொப்புள் வரை உப்பியிருக்கும். சிறுநீர்ப்பைக்குள் ஃபோலி குழாயைச் செலுத்தியதும் ஒரு லிட்டருக்கு மேல் வந்து விழும். அவருக்குத் தேவைப்பட்டது மருந்தோ டயாலிசிஸோ இல்லை, புராஸ்டேட் அடைப்பை ஒருவர் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கைக்கு எட்டாத அடைப்பு மேலே, சிறுநீர்க்குழாயில் இருக்கலாம்; அதற்கு ஒரு நாளுக்குள் ஸ்கேன் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஸ்கேன் கிடையாது என்பதெல்லாம் சிறுநீரகத்துக்குத் தெரியாது.

பிறகு பொட்டாசியம். சிறுநீர் நின்ற உடம்பில் அது ஏறும்போது நோயாளி கத்த மாட்டார். பேசிக்கொண்டே இருப்பார், இதயம் நின்றுவிடும். ஈ.சி.ஜி.யில் டீ (T) அலை கூர்மையாக உயர்ந்தால் ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் கால்சியம் குளுக்கோனேட் போட வேண்டும், இன்சுலினும் குளுக்கோஸும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இந்த மூன்று மருந்தும் எல்லாத் தாலுகா மருத்துவமனையிலும் இருக்கின்றன. அதே நேரத்தில் கட்டிலுக்கு அடியில் பாருங்கள்: சொந்தக்காரர்கள் வாங்கி வந்த இளநீர் மூன்று, சாத்துக்குடி ஒரு பை. சூட்டால் யூரின் அடைத்துவிட்டது, குளிர்ச்சிக்குக் கொடுக்கிறோம் என்பார்கள். இளநீரில் பொட்டாசியம் மிக அதிகம். வெயிலில் களைத்தவருக்கு அது நல்லது. சிறுநீர் நின்றவருக்கு நஞ்சு. மருத்துவமனை வாசலிலேயே இளநீர் வண்டி நிற்கிறது. வார்டுக்குள் அதைப் பற்றி ஓர் அறிவிப்புப் பலகைகூட இல்லை.

டயாலிசிஸ் என்றதும் நடப்பது இன்னொரு கொடுமை. "ஒரு தரம் மிஷினில் போட்டால் காலமெல்லாம் போட வேண்டும்" என்று ஊரில் ஒரு நம்பிக்கை. கையெழுத்துப் போடாமல் நோயாளியைத் தூக்கிக்கொண்டு போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். பாம்புக்கடியிலும் எலிக்காய்ச்சலிலும் பிரசவத்திலும் நின்ற சிறுநீரகம் பெரும்பாலும் சில வாரங்களில் திரும்பிவிடும். அது திரும்பும் வரை உயிரைத் தாங்கிப் பிடிக்கத்தான் டயாலிசிஸ். இதைப் பொறுமையாக, தமிழில், உட்கார வைத்துச் சொல்ல ஐந்து நிமிடம் ஆகும். அவசரப்பட்டு எல்லோரையும் மிஷினில் போடுங்கள் என்றும் நான் கேட்கவில்லை. கட்டாயத் தேவை வருமுன்பே தொடங்குவதால் உயிர் பிழைப்பது கூடவில்லை என்று பல நாடுகளில் நடந்த பெரிய ஆய்வு 2020இல் சொல்லிவிட்டது. சீக்கிரம் செய்ய வேண்டியது கண்டுபிடிப்பதைத்தான்.

மேல்சிகிச்சைக்கு அனுப்பும் சீட்டைப் பற்றி. 108 வண்டியில் வருகிறவரின் சட்டைப் பையில் ஒரு தாள் இருக்கும். "மேல்சிகிச்சைக்காக அனுப்பப்படுகிறார்", ஒரு முத்திரை, படிக்க முடியாத கையெழுத்து. கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார், எவ்வளவு, எத்தனை பாட்டில் ஏறியது, என்ன ஊசி போட்டீர்கள், கிரியாட்டினின் எந்தத் தேதியில் எவ்வளவு: இவ்வளவும் அந்தத் தாளில் இருந்தால் இங்கே ஒரு நாள் மிச்சமாகும். மூன்று இயக்ககங்களும் சேர்ந்து ஒரே சீட்டை அச்சிட்டால் போதும். தனித்தனியாகக் கேட்டால் மூன்று மாதிரி வரும், தெரியும்.

குழந்தைகளின் விஷயத்தில் இது இன்னும் பெரியது. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். சளி, காய்ச்சல் என்று வந்தவர்களுக்குச் சில நாளில் சிறுநீர் நின்றது. அவர்கள் குடித்த கோல்ட்ரிஃப் இருமல் மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலையில் தயாரானது. 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாத டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு அதில் 48.6 சதவீதம் இருந்ததாகத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையே கண்டுபிடித்தது. 2022இல் காம்பியாவில் சுமார் எழுபது குழந்தைகள் இதே பாதையில்தான் போனார்கள். ஒரு வட்டாரத்தில் காரணம் விளங்காமல் இரண்டு குழந்தைகளுக்குச் சிறுநீர் நின்றால், அந்தச் செய்தி அன்றே மாவட்டத்தில் யாருக்குப் போக வேண்டும்? வார்டு செவிலியருக்கு ஒரு தொலைபேசி எண் உண்டா? நான் பணியில் இருந்தவரை எனக்கு யாரும் கொடுத்ததில்லை. மருந்தை இங்கே தயாரித்தோம்; அடையாளம் கண்டுகொள்ளும் கடமையும் நமக்குக் கூடுதலாக உண்டு.

இங்கிலாந்தில், சிறுநீரகப் பாதிப்போடு இறந்தவர்களின் கோப்புகளைப் புரட்டிப் பார்த்த 2009 அறிக்கை ஒன்று, பாதிப் பேருக்குத்தான் நல்ல சிகிச்சை கிடைத்திருந்தது என்று எழுதியது. அதன் பிறகு 2014இல் எல்லா அரசு ஆய்வகங்களுக்கும் உத்தரவு போனது: ஒருவரின் கிரியாட்டினினை அவருடைய பழைய அளவோடு கணினியே ஒப்பிட்டு, ஏறியிருந்தால் எச்சரிக்கை அச்சிட வேண்டும். நம் மாவட்ட ஆய்வகங்களிலும் இதைச் செய்யலாம், அந்த மூதாட்டியின் 1.2 அப்போது தப்பாது. ஆனால் மென்பொருள் வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில் இப்படி எச்சரிக்கை மட்டும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. நோயாளிகளுக்கு எந்தப் பலனும் இல்லை. கற்பித்தல் மருத்துவமனை அல்லாத இரண்டில் இறப்புகூட அதிகமாக இருந்தது. திரையில் மணி அடித்தால் போதாது, எழுந்து போய்ப் பார்க்க ஆள் வேண்டும், போய்ப் பார்த்தவருக்கு என்ன செய்வது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பெண்கள் வார்டுக்கு ஒரு தனிக் கோரிக்கை. ஆண்களுக்கு யூரின் கேன் கொடுத்துவிடலாம். பெண்கள் கழிவறைக்குத்தான் போகிறார்கள், அங்கே அளவெடுக்க ஒன்றும் இல்லை. அளக்க வேண்டும் என்பதற்காக எல்லோருக்கும் ஃபோலி குழாய் போடச் சொல்லிவிடாதீர்கள். குழாய் வழியே தொற்று ஏறி அதுவே சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை, ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒன்று, பெயர் எழுதி. கழிவறைக்குள் அதை வைக்க ஒரு திட்டு, கதவுக்குத் தாழ்ப்பாள், குழாயில் தண்ணீர். தாழ்ப்பாள் இல்லாத கழிவறைக்குப் பயந்து சேர்ந்த நாளிலிருந்து தண்ணீரைக் குறைத்துக் குடிக்கும் பெண்கள் எல்லா வார்டிலும் இருக்கிறார்கள். சிறுநீரகப் பாதுகாப்பில் தச்சருக்கும் பங்கு உண்டு என்று பொதுப்பணித் துறைக்கு யாராவது சொன்னால் நல்லது.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியில் "பாம்புக்கடி, குணமானார்" என்று இருக்கிறது. நடுவில் சிறுநீரகம் கெட்டுத் திரும்பியது பற்றி ஒரு சொல் இல்லை. அப்படித் திரும்பியவர்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சிறுநீரக நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். மூன்று மாதம் கழித்துக் கிரியாட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்க்க வேண்டும். அந்தத் தேதியை எழுதிக் கொடுங்கள். வலி மாத்திரை கூடாது என்பதைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். அந்தத் தாளை மெடிக்கல் ஷாப்பில் காட்டச் சொல்லுங்கள். வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்ள நீர்ப் பைகளை வாசல்வரை கொண்டுபோய்க் கொடுக்கிற அரசுக்கு இது எட்டாத காரியம் இல்லை.

கடைசியாக, இதையெல்லாம் செய்யப்போகும் கைகளைப் பற்றி. இரவுப் பணியில் ஒரு பொது வார்டை ஒற்றைச் செவிலியர் பார்க்கிறார். பலர் தொகுப்பூதியத்தில், நாளைக்கு வேலை இருக்குமா என்ற கவலையோடு. அவரிடம் போய் ஆறாவது வரியையும் எழுது என்றால், விடியற்காலை ஐந்து மணிக்கு எல்லாக் கட்டிலுக்கும் ஒரே எண்ணைப் போட்டுவிடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆகவே சுற்றறிக்கை அனுப்புமுன் இரண்டு காரியம் செய்யுங்கள். எல்லோருக்கும் மணிக்கொரு தரம் வேண்டாம். மேலே சொன்ன ஆபத்துள்ளவர்களுக்கு மட்டும் சிவப்புக் குறி போட்டு மணிக்கணக்கில் அளக்கட்டும், மற்றவர்களுக்கு ஷிப்டுக்கு ஒரு தரம் போதும். இரண்டாவது, ஒரு வரி கூடும்போது வேறொன்றை எடுத்துவிடுங்கள். வார்டில் இப்போது இருக்கும் பதிவேடுகளில் ஒரே விவரத்தை மூன்று இடத்தில் எழுதுகிறோம். எதை நீக்கலாம் என்று சென்னையில் குழு அமைக்க வேண்டாம். எந்த மாவட்ட மருத்துவமனைக்கும் இரவு பத்து மணிக்கு மேல் போய், பணியில் இருக்கும் செவிலியரைக் கேளுங்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை என்று உறுதி கொடுத்தால் அவரே எடுத்துக் காட்டுவார்.

இப்படிக்கு,
அரசுப் பணியில் இருந்து ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்